சிலம்பும் வெள்ளை அட்டையும்

(பட்டிமன்றத் தலைப்பு: கரண்ட் பில் குழப்பத்துக்குத் தீர்வு, கணக்குக் கேட்பதா, கம்பெனியை மாற்றுவதா? 'கணக்குக் கேட்பதே' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து என் பேச்சுக்கு எப்போது ஃபியூஸைப் பிடுங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, (சிரிப்பு) செங்கல்பட்டிலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். "செல்போன்ல சிக்னல் இல்லேன்னா கம்பெனியை மாத்துறோம், நம்பர்கூட மாறுறதில்ல. கரண்ட் பில்லுல தப்பு வந்தா மட்டும் ஏன் ஒரே ஆபீஸ் வாசல்ல போய் நிக்கணும்?" என்று கேட்டார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். (சிரிப்பு) நியாயமான கேள்விதான் நடுவர் அவர்களே. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க எண் மாறாமல் செல்போன் கம்பெனியை மாற்றுகிறோம். 2014 ஜனவரியில் கியாஸ் சிலிண்டருக்கும் அந்த வசதி பல மாவட்டங்களில் வந்தது. ஏஜென்சி சரியில்லையென்றால் வேறு ஏஜென்சிக்குப் போகலாம்.

சரி, ஏஜென்சியை மாத்தியாச்சு. சிலிண்டர் வந்திறங்குது. எடை போட்டுப் பார்த்து வாங்குறோமா? சிலிண்டர் கழுத்துப் பட்டையில் காலி எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வரவேண்டிய எடை. "தராசை எடுங்க தம்பி" என்று கேட்கிற வீட்டுக்கு எந்த ஏஜென்சியும் ஒன்றுதான். கேட்காத வீட்டுக்கும் எந்த ஏஜென்சியும் ஒன்றுதான்! (கைதட்டல்)

கரண்டுக்கு வருகிறேன். ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு வீடு. போன தடவை மீட்டர் 7082. இந்தத் தடவை 7482. ஆக 400 யூனிட். கணக்கெடுக்க வந்தவர் வெயிலில் நின்று, நாய் குரைக்கிற குரைப்பில், 7482 என்பதை 7842 என்று பதிந்துவிட்டார். நாலும் எட்டும் இடம் மாறியது, அவ்வளவுதான். அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு, எத்தனை மாடி! அவரும் நம்ம வீட்டுப் பிள்ளைதான். ஆனால் பில் என்ன ஆகிறது?

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, அதற்கு மேல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. ஆக 400 யூனிட்டுக்கு 1,125 ரூபாய். தப்பான கணக்குப்படி 760 யூனிட். 500-ஐத் தாண்டியதும் அந்த 2 ரூபாய் 25 காசு என்கிற சலுகை விலையே கிடையாது. மேலே போகப் போக 6 ரூபாய், 8 ரூபாய், 9 ரூபாய். மொத்தம் 4,190 ரூபாய்!

வீட்டுக்காரம்மா பதறுகிறார். "என்னங்க, பில்லைப் பாத்தீங்களா?" வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "விடுடீ, அடுத்த தடவை தானா கழிஞ்சிடும்" என்கிறார். (சிரிப்பு)

கழியுமா? இந்த இடத்தைத் தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்கணும். அடுத்த இரண்டு மாதத்திலும் அதே 400 யூனிட் ஓடுகிறது. மீட்டர் 7882. இந்தத் தடவை சரியாகப் பதிகிறார். 7842 போக 40 யூனிட். 100-க்குள் இருக்கிறது, பில் சுழியம். வீட்டுக்காரர் மீசையை முறுக்குகிறார், "பாத்தியா, நான் சொன்னேன்ல?" ஐயா, யூனிட் கழிந்தது. பணம் கழிந்ததா? சரியாகப் பதிந்திருந்தால் இரண்டு பில்லும் சேர்த்து 2,250 ரூபாய். நீங்கள் கட்டியது 4,190. உங்கள் மீசைக்கு விலை 1,940 ரூபாய்! (பலத்த கைதட்டல்)

எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலையாக இருந்தால் தப்பு தானாகக் கழியும். நம் ஊரில் விலை படிக்கட்டு மாதிரி. அதிலும் 500-க்கும் 501-க்கும் நடுவில் இருக்கிற படி மகா உயரம். 2022 கணக்கில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஆகவேதான் கணக்கெடுக்க நாலு நாள் தள்ளி வந்தாலும் குடும்பத்துக்கு அடி. நாளைக்கு 8 யூனிட் ஓடுகிற வீட்டில் 60-ஆவது நாள் வந்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். 65-ஆவது நாள் வந்தால் 520 யூனிட், 2,110 ரூபாய். ஐந்து நாள் தாமதத்துக்கு 505 ரூபாய் கூட. அடுத்த முறை நாள் குறைந்து பில் குறையலாம். ஆனால் முழுசாகத் திரும்பி வராது.

2020-இல் தமிழ்நாடு முழுக்க நடந்ததும் இதுதானே? கொரோனா ஊரடங்கில் கணக்கெடுக்க யாரும் வீட்டுக்கு வர முடியவில்லை. முந்தைய பில் தொகையையே கட்டுங்கள் என்றார்கள். கட்டினோம். பிறகு நாலு மாத யூனிட்டைச் சேர்த்து எடுத்து, இரண்டாகப் பிரித்து, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்தார்கள். மக்கள் என்ன கேட்டார்கள்? "பணத்தைக் கழிக்காதே, அந்தப் பணத்துக்குரிய யூனிட்டைக் கழி" என்று கேட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். படிக்கட்டு விலையில் இரண்டும் ஒன்றல்ல. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது, மனு தள்ளுபடி ஆனது. ஆனால் நடுவர் அவர்களே, அதுவரை மீட்டர் பெட்டியைத் திறந்தே பார்க்காத குடும்பங்கள் அந்த வருஷம்தான் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு மீட்டர் முன்னால் நின்றன. அடுத்த வருஷம், 2021 மே ஊரடங்கில், நுகர்வோரே மீட்டரைப் படம் பிடித்து அனுப்பலாம் என்று மின்வாரியம் சொன்னது. கேட்ட கேள்விக்குக் கிடைத்த பலன் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

எதிரணித் தம்பி குறுக்கிடுகிறார், "பில்லு ஜாஸ்தி வந்தா எல்லாமே தப்புன்னு சொல்றீங்களா?" என்று. இல்லை தம்பி. மே மாசம் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் படுத்துவிட்டு, ஜூலை மாசம் "மீட்டர் ஓடுது" என்று கத்தினால் மீட்டர் என்ன செய்யும்? (சிரிப்பு) 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 2,000 வாட் கீசர் அரை மணியில் ஒரு யூனிட்டைத் தின்றுவிடும். சண்டைக்குப் போவதற்கு முன்னால் நம் வீட்டைச் சோதிக்கணும்.

எப்படி? எல்லா சுவிட்சையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், டி.வி., இன்வெர்ட்டர் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். மெயின் மட்டும் இருக்கட்டும். மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பத்து நிமிஷம் அதைப் பாருங்கள். மினுக்காமல் இருந்தால் நல்லது. மினுக்கினால் வீட்டுக்குள்ளேயே எங்கோ கரண்ட் கசிகிறது. அடுத்து மெயினையும் அணையுங்கள். அப்போதும் மினுக்கினால் மீட்டர் பக்கம் கோளாறு, அல்லது மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கை வைத்துப் பார்க்க நீங்கள் போகாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கடற்கரைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் காற்றிலேயே உப்பு. ஜன்னல் கம்பியை அரிக்கிற உப்பு, ஒயர் முடிச்சை மட்டும் விட்டுவைக்குமா? இன்னொன்று, வாடகை வீட்டுக்காரர்கள் கேளுங்கள். ஒரு வீட்டை இரண்டு போர்ஷனாகத் தடுத்து இரண்டு மீட்டர் வைத்திருப்பார்கள். சில இடத்தில் நியூட்ரல் ஒயர் மட்டும் இரண்டுக்கும் பொதுவாகக் கலந்திருக்கும். இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டர், திருட்டைத் தடுப்பதற்காக, போகிற ஒயர், திரும்புகிற ஒயர் இரண்டையும் பார்க்கும். எதில் கரண்ட் அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். பக்கத்துப் போர்ஷன் மிக்சி ஓடினால் உங்கள் மீட்டர் ஓடும்! அவர்கள் வீட்டுச் சட்னிக்கு நீங்கள் பில் கட்டுவீர்கள். (சிரிப்பு) இதில் கணக்கெடுப்பவர் தப்பும் இல்லை, மீட்டர் தப்பும் இல்லை. பத்துக் கம்பெனி மாற்றினாலும் அந்தச் சட்னி பில் கூடவே வரும். ஒயரிங்கைப் பிரித்தால்தான் நிற்கும்.

மாமல்லபுரத்தில் சிற்ப வேலை செய்கிறவர்கள் அட்டையில் கட்டண வகையைப் பாருங்கள். உளிச் சத்தம் கேட்ட வாசலில் இப்போது கிரைண்டர் சத்தம். குடியிருக்கும் வீட்டுக்கு 1-ஏ என்று இருக்கவேண்டும். பட்டறைக்கும் கடைக்கும் வேறு வகை, வேறு விலை. இரண்டும் ஒரே மீட்டரில் இருந்தால் தகராறு ஒருநாள் வந்தே தீரும்.

இப்போது உண்மையிலேயே தப்பு அவர்கள் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது? தமிழ் வாத்தியாரைக் கேட்டால் அவன் சிலப்பதிகாரத்துக்குத்தான் போவான். (சிரிப்பு) பாண்டியன் சபையில் கண்ணகி எப்படி ஜெயித்தாள்? அழுது ஜெயிக்கவில்லை. கையில் இன்னொரு சிலம்பு இருந்தது. அரசி சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள், வழக்கு முடிந்தது. நமக்கு அந்த இன்னொரு சிலம்பு எது? மீட்டர் பெட்டி மேலே தொங்குமே, எண்ணெய்ப் பிசுக்கு ஏறின வெள்ளை அட்டை, அதுதான் தாயே சிலம்பு! (கைதட்டல்) இப்போது நிறைய வீடுகளில் அட்டை போய்க் குறுஞ்செய்தி வருகிறது. வரட்டும். கணக்கெடுத்த அன்றைக்கு மீட்டர் எண்ணைத் தேதியோடு காலண்டரில் எழுதிவைக்கலாம். செல்போனில் ஒரு படம் எடுக்கலாம். அரை நிமிஷ வேலை.

எதிரணியில் ஒருவர் கேட்பார், கண்ணகி பேசாமல் ஊரை மாற்றியிருக்கலாமே என்று. ஐயா, அவர்கள் ஏற்கெனவே ஊரை மாற்றிக்கொண்டு வந்தவர்கள்தானே! பூம்புகாரை விட்டு மதுரைக்கு வந்த இடத்தில்தானே இத்தனை வினை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிலம்பு இருந்தால் போகவேண்டிய வாசல்கள் இருக்கின்றன. முதலில் உங்கள் பகுதி பிரிவு அலுவலகம். எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். மீட்டர் மீது சந்தேகமென்றால் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே நடக்கவில்லையா, மின்பகிர்மான வட்ட அளவில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதற்கும் மேலே மின்சாரக் குறைதீர்ப்பாளர். வக்கீல் வைத்தால்தான் பேசலாம் என்ற கட்டாயமில்லை, நீங்களே பேசலாம்.

"பில்லைக் கட்டாமல் சண்டை போட்டால் ஃபியூஸைப் பிடுங்கிடுவாங்களே" என்று பயம். அந்தப் பயத்துக்கு மருந்து 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் 56-ஆவது பிரிவில் இருக்கிறது. துண்டிக்க வேண்டுமானால் 15 நாள் எழுத்து மூலம் அறிவிப்புத் தரவேண்டும். கேட்கிற தொகை, அல்லது முந்தைய 6 மாதச் சராசரிப்படி வருகிற தொகை, இரண்டில் எது குறைவோ அதை "ஆட்சேபத்துடன்" என்று எழுதிக் கட்டிவிட்டால், தகராறு முடிகிறவரை துண்டிக்க முடியாது. அந்த ஒரு வார்த்தையை எழுத மறக்காதீர்கள். பழைய பாக்கி என்று திடீரென்று பெரிய தொகை வந்தால், அதே பிரிவில் 2 ஆண்டுக் கெடு ஒன்றும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை விளக்கியது: கெடு தாண்டிய பிறகு தவறு தெரியவந்தால் கூடுதல் பில் அனுப்பலாம், ஆனால் அதற்காகக் கரண்டைத் துண்டிக்கக்கூடாது.

நடுவில் ஒரு எச்சரிக்கை. "இன்றிரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்" என்று 2022-இல் நிறையப் பேருக்கு மோசடிக் குறுஞ்செய்தி வந்தது. 15 நாள் அறிவிப்பு என்பது தெரிந்த வீட்டில் அந்தப் பருப்பு வேகாது.

சரி, கம்பெனியை மாற்றுவதற்கு வருகிறேன். இங்கிருந்து கடலோரமாகப் போனால் கல்பாக்கம். இரண்டு அணு உலை, ஒவ்வொன்றும் 220 மெகாவாட். "பக்கத்துலதானே இருக்கு, அங்கிருந்து நேரா ஒரு ஒயர் இழுத்துக்கலாமா?" என்று கேட்டால் முடியாது. அது மின்தொகுப்பில் கலந்து, பல கை மாறி வருகிறது. சட்டப்படி வேறு இடத்தில் மின்சாரம் வாங்கிக்கொள்ளும் உரிமை 1 மெகாவாட்டுக்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு என்றுதான் 2003 சட்டம் வைத்தது. 2022-இல் பசுமை மின்சாரத்துக்கு மட்டும் அதை 100 கிலோவாட்டாகக் குறைத்தார்கள். உங்கள் வீட்டு லோடு 4 கிலோவாட், 5 கிலோவாட். 100 வேண்டுமானால் வீட்டில் 60 ஏ.சி. ஓடணும்! (சிரிப்பு) ஒரே ஊரில் பல கம்பெனி ஒரே கம்பியில் விற்க வழிசெய்யும் திருத்த மசோதா ஒன்று 2022 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்தது, நிலைக்குழுவுக்குப் போனது, 2024-இல் அந்த மக்களவையோடு காலாவதியானது.

மும்பை புறநகரில் மாற்றிக்கொள்கிறார்களே என்பீர்கள். உண்மைதான், 2009 அக்டோபரில் அங்கே வழி திறந்தது. ரிலையன்ஸிலிருந்து டாட்டாவுக்கு, கம்பி அதே கம்பியாக இருக்க, வீட்டுக்காரர்கள் மாறினார்கள். முதலில் விலை குறைந்தது, மறுக்கவில்லை. பிறகு கம்பிக் கட்டணம், கூடுதல் கட்டணம் என்று பில்லில் வரிகள் நீண்டன. அந்த வரிகளைப் படிக்கத் தெரிந்தவருக்கு லாபம்.

இங்கிலாந்துக்குப் போவோம். 1990-களின் கடைசியிலிருந்து வீட்டுக்காரர் இஷ்டம்போல் கம்பெனி மாற்றும் நாடு. விளம்பரமெல்லாம் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நம் ஊர் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று தவம் செய்யுமே, சுற்றி எலிகள் இருக்குமே, (சிரிப்பு) அந்த அழகு! 2021-இல் எரிவாயு விலை எகிறியது. அந்த ஒரே ஆண்டில் 20-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் மூடின. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் வைத்திருந்த பல்ப் என்ற கம்பெனி நவம்பரில் அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தின் கீழ் போனது. தவித்து நின்ற குடும்பங்களுக்கு அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் என்ன அறிவுரை சொன்னது? "இப்போது அவசரப்பட்டு மாறாதீர்கள். மீட்டர் ரீடிங்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றது. (பலத்த கைதட்டல்) மாறுவதற்கே பேர் போன நாட்டில் சொன்னது நடுவர் அவர்களே! அங்கேயும் பழைய பாக்கியை 12 மாதத்துக்கு மேல் பின்னோக்கிக் கேட்கக்கூடாது என்று 2018-இல் விதி போட வேண்டியிருந்தது. 28 நாளுக்கு மேல் பாக்கி இருந்தால், பழைய கம்பெனி உங்களை மாறவிடாமல் ஆட்சேபிக்கவும் முடியும். ஆக, தப்பான பில்லோடு தப்பித்து ஓட அங்கேயும் வழியில்லை. முதலில் கணக்கைத் தீர்த்துத்தான் ஆகவேண்டும்.

எதிரணித் தலைவர் கடைசியாக ஒன்று கேட்டார். "கல் உடைக்கிறவரும் மீன் விற்கிற அம்மாவும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தால், அந்த நாள் கூலியை யார் கொடுப்பது?" இன்றைக்கு இந்த மேடையில் கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். நான் அதைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. 2021 ஜூனில் மின்னகம் என்று ஒரு சேவை மையம் திறந்தார்கள், 94987 94987. போனிலேயே புகாரைப் பதியலாம். அலைச்சல் பாதி குறையும். மீதிப் பாதி இருக்கிறதே? அதற்குக் கம்பெனியை மாற்றச் சொல்கிறார் அவர். நான் அந்தப் பாதிக் கூலியையும் பில்லில் கழித்துக் கொடு என்று கேட்கச் சொல்கிறேன். நாம் ஒரு நாள் தாமதமாகக் கட்டினால் அபராதம் உண்டென்றால், அவர்கள் தப்பாகப் பதிந்து நம்மை அலையவிட்ட நாளுக்கும் ஒரு தொகை உண்டு என்று அதே பில்லில் ஒரு வரி வரவேண்டும். தீர்ப்பை எந்த அணிக்குச் சொன்னாலும், நடுவர் அவர்களே, அந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

மணியடிக்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பல்லி இருக்கும், பயப்படாதீர்கள். (சிரிப்பு)